களவா மீனின் உபவாசம்

முப்பத்திரண்டு நாட்கள். அந்த மீன் கடைசியாக வாய் திறந்து ஒன்றை விழுங்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு. இன்று செவ்வாய், வைகுண்ட ஏகாதசி. நடுவில் ஒன்றும் இல்லை.

நான் நாள் எண்ணுகிறேன். அது இருக்கும் வீட்டிலும் எண்ணுகிறார்கள். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, சாக்பீஸால் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: ‘ஸ்ரீ மத்ஸ்ய மூர்த்தி உபவாசம். முப்பதாம் நாள்.’ அவர்கள் கணக்கு டிசம்பர் ஒன்றாம் தேதி வந்த ஏகாதசியிலிருந்து தொடங்குகிறது.

எழுதியவர் ஹரிநாராயணன் சார். கல்லூரியில் முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் அவர் வீட்டு ஹாலில் ஆறடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதைப் பராமரிப்பது நான். வண்ணார்பேட்டையில் ஆமிர் அண்ணனின் வளர்ப்பு மீன் கடையில் வேலை பார்க்கிறேன். விலங்கியல் பட்டம் வாங்கியிருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் சார் வீடு. கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவேன், வடிகட்டிப் பஞ்சை அலசுவேன், உப்பும் அம்மோனியாவும் பார்த்து எழுதிவைப்பேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு மீன். களவாவில் ஒரு வகை. வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். குஞ்சாக இருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும், பொம்மை மாதிரி நீந்தும். பார்த்தவர்கள் வாங்காமல் போகமாட்டார்கள். அது இரண்டடிக்கு மேல் வளரும் என்பதையும், அதற்குப் பல வருடம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் எந்தக் கடையிலும் சொல்வதில்லை. எங்கள் கடையிலும் சொல்வதில்லை. கடலில் பாறை இடுக்கில் அசையாமல் நின்று, அருகில் வரும் சின்ன மீனையும் இறாலையும் ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிடும். அதன் பல், குடல், ஈரல் எல்லாம் அதற்காகவே ஆனவை. வேறு எதற்கும் ஆகாது.

வாங்கியது சாரின் மகன் ஸ்ரீசரண். மூன்று வருடத்துக்கு முன்பு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலத்தில். பிறகு அவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். தொட்டி அப்பாவிடம் வந்தது. சார் முதல் வேலையாக மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீன் தீனி பாக்கெட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தார். மீன் தூள், இறால் தூள் என்று இருந்தது. பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாராம். எனக்கு இதைச் சொன்னவர் ஜயலக்ஷ்மி மாமி, சாரின் மனைவி.

“நம்மாத்துல இருந்துண்டு மீன் மீனைத் திங்கறதாவது? நாம சாப்பிடறதையே அதுவும் சாப்பிடட்டும்னுட்டார்.”

அன்றிலிருந்து இட்லி, பனீர், ஊறவைத்த பாசிப்பயறு. மீன் ஒவ்வொன்றையும் வாயில் வாங்கித் துப்பியது. துப்பியது தொட்டியின் அடியில் கிடந்து அழுகியது. இரண்டு மாதம் இப்படிப் போன பிறகுதான் நான் முதல்தடவையாக அந்த வீட்டுக்குப் போனேன். மீன் ஒன்பது சென்டிமீட்டர். தலை மட்டும் பெரிதாக, பின்னால் உடம்பு ஒரு வால் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மாமி என் தோள்பையைப் பார்த்தார்.

“உள்ள சாப்பாடு இருக்கோ?”

“ஆமா மாமி.”

“தப்பா நினைச்சுக்காதேம்மா. அந்தச் செம்பருத்தி மேல மாட்டிட்டு வந்துடறியா?”

நான் தப்பாகத்தான் நினைத்தேன். மாட்டிவிட்டு வந்தேன். இரண்டு வருடம் நான்கு மாதம் என் சாப்பாட்டுப் பை அந்தச் செடியில்தான் தொங்கியது. மாமி கெட்டவர் இல்லை. வேலை முடிந்ததும் நல்ல காபி தருவார். டம்ளரைக் கழுவித் திண்டில் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்வார்.

முதல் நாள் கடைக்குத் திரும்பி ஆமிர் அண்ணனிடம் சொன்னேன். “அது பட்டினி கெடக்குதுண்ணே.”

அவர் ஒரு கவரில் தங்கமீன்களை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். “எதையாவது குடுத்துத் தேத்திரு பிள்ள. என்ன குடுக்கேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லாத.”

மூன்றாம் முறை போனபோது மூடிபோட்ட ஐஸ் தட்டு ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். வைட்டமின் என்று சொன்னேன். மூடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘மீன் மருந்து’ என்று எழுதியிருந்தேன். மாமி அதை வாங்கி ஃபிரிஜ்ஜின் மேல் தட்டில், பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்தார். முருங்கைக்கீரை போட்டது என்றேன். அது பொய் இல்லை. கடல்பாசியில் கட்டியது என்றேன். அதுவும் பொய் இல்லை. வேறு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

செவ்வாய்க்கு இரண்டு கட்டி, வெள்ளிக்கு மூன்று. களவா துப்பவில்லை. மூன்றாவது வாரம் நான் ஹாலுக்குள் நுழைந்தாலே கண்ணாடியின் இந்த முனைக்கு வந்து நின்றது. ஒரு கண்ணை மட்டும் திருப்பி என் கையைப் பார்க்கும். மாதம் ஒரு முறை கண்ணாடியில் நாடாவை ஒட்டி அளந்து நோட்டில் எழுதினேன். ஒன்பது, ஒன்பதரை, பத்து. சில மாதம் ஒன்றுமே ஏறாது. அப்படிப்பட்ட மீன் அது. கடைசியாக அளந்தபோது இருபத்து மூன்று.

சார் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். “ப்யூர் வெஜிடேரியன். இட்லியிலயே வளர்ந்த மீன்.” நான் குனிந்து வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருப்பேன். சிரிப்பு வரும். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

டிசம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை, ஏகாதசி. சார் வழக்கம்போல இட்லித் துண்டைப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை நன்றாகச் சாப்பிட்டிருந்த களவா அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. சார் அதை வீடியோ எடுத்து, ‘எங்கள் இல்லத்து மத்ஸ்யம் ஏகாதசி உபவாசம் அனுஷ்டிக்கிறது’ என்று எழுதி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் பெங்களூரிலிருந்து போன் வந்ததாம். மறுநாள் துவாதசிக்கும் மீன் இட்லியைத் தொடவில்லை. அவ்வளவுதான். உபவாசம் தொடர்கிறது என்று அறிவித்துவிட்டார்.

அந்தச் செவ்வாய் நான் போனபோது தொட்டிக்கு முன்னால் கோலம் போட்டிருந்தது. ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். மேல் தட்டு காலியாக இருந்தது.

“விரதத்துல மருந்து எதுக்கும்மா?” என்றார் சார். “பகவானே வைத்தியன்.”

மாமி சொன்னார். “கறிவேப்பிலைக் கன்னுக்கு உரமாகட்டும்னு அடியில கொட்டினேன். எங்கேர்ந்துதான் வந்துதோ, நாலு பூனை. ஒண்ணையொண்ணு பிராண்டிண்டு மண்ணோட நக்கறது. பூனைக்குக்கூட வைட்டமின் பிடிக்கறது பாரேன்!”

இருவரும் சிரித்தார்கள். வேதியியல் படித்தவர், நாலு பூனை வந்ததைக் கேட்டும் சிரித்தார்.

அடுத்த முறை மூன்று கட்டிகளைக் கைக்குட்டையில் சுற்றி, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சார் கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஹாலின் மூலையில் புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்தது, ஜெர்மனியிலிருந்து மகன் பார்ப்பதற்கும் குழுவில் உள்ளவர்கள் சேவிப்பதற்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கட்டியைப் போட்டேன். களவா திரும்பியது. ஏழு நாள் பட்டினியில் இருந்த உடம்பை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. வாய் திறந்தது. அதற்குள் உள்ளறையிலிருந்து சார் ஓடிவந்தார், கையில் போன். மீன் பிடிக்கும் சிறு வலையை எடுத்துக் கட்டியைத் தண்ணீரோடு அள்ளிவிட்டார்.

“என்னம்மா போட்டே?”

“வைட்டமின் சார்.”

“நூத்துக்கணக்கான பேர் பார்த்துண்டிருக்கா. விரதத்தைக் கலைச்சுப்பிட்டியே! நல்லவேளை.”

“சாப்பிடாம இருந்தா செத்துரும் சார்.”

“ஒரு மண்டலம் முடியட்டும். நாப்பத்தெட்டு நாள்.”

“முடிஞ்சு என்ன குடுப்பீங்க?”

“சர்க்கரைப் பொங்கல்தான்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

களவா அந்தக் கட்டி இருந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றது. வலை வந்து போன தண்ணீரை வாய் திறந்து மூடி உறிஞ்சிப் பார்த்தது. அதன்பிறகு நான் வேலை செய்யும்போதெல்லாம் மாமி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், கையில் ஸ்லோகப் புத்தகத்துடன்.

இதைவிட எனக்கு ஆத்திரம் தந்தது அம்மோனியா. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். முன்பெல்லாம் இளம்பச்சை வரும். இப்போது சுத்த மஞ்சள். பூஜ்யம். உணவு இல்லை, கழிவு இல்லை, அதனால் அம்மோனியா இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். சார் அந்தக் குழாயை என் கையிலிருந்து வாங்கி, வந்திருப்பவர்களுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார்.

“பாத்தேளா? ஆர்.ஓ. தண்ணியில்கூட இந்த சுத்தம் வராது. உபவாசத்தோட சக்தி.”

முப்பத்தோரு வருடம் எத்தனை பிள்ளைகளுக்கு இவர் மதிப்பெண் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சொல்லமாட்டேன். பள்ளியில் வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்லவே என்னை இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.

இருபத்தைந்தாம் நாள் ஆமிர் அண்ணனிடம் மறுபடியும் போய் நின்றேன்.

“நாஞ் சொல்லிரப் போறேன் அண்ணே.”

அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். “என்னத்தச் சொல்லப் போற? ஐயா, ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்குள்ள இன்னதக் கொண்டாந்து வச்சேன்னா? நான் யாரு, நீ யாரு, அவுக யாருன்னு கொஞ்சம் யோசிச்சியா? ஆமிர் கடை, கிறிஸ்டிங்கிற பிள்ள, வீடு ஐயங்கார் வீடு. காலையில நீ சொன்னா சாயங்காலம் என் கடையில கண்ணாடி இருக்குமா? போன்ல வீடியோவாச் சுத்திரும் பிள்ள!”

அவர் பயந்திருந்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

“அப்ப மீனு?”

“செத்தா இன்னொண்ணு. கொச்சியிலேருந்து எறக்கிரலாம், அதே சைஸு. வெள்ளையில கறுப்புப் பொட்டு. யாருக்குத் தெரியப் போவுது?”

எனக்குத் தெரியும். எந்த இரண்டு களவாவுக்கும் புள்ளிகள் ஒரேமாதிரி இருப்பதில்லை. இதன் இடது கண்ணுக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரே கறையாக இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் அது எனக்குக் காட்டும்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் பவுலின். கடலோர உவரிக்காரி. நைட்டி தைத்துக்கொண்டே கேட்டாள். மெஷினை நிறுத்தவே இல்லை.

“அதுக்கு வாய் இருந்தா அதுவே சொல்லியிருக்கும். ஒனக்கு இருக்குல்லா?”

“கடைக்கு எதாவது ஆயிரும்னு அண்ணன் பயப்புடுதாரு.”

“பயப்புடத்தான் செய்வாரு. பைய யோசிச்சுக்க. மீனு அது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமான்னு அதையும் கேட்டுக்க.”

இன்று காலை எட்டரைக்குப் போனேன். விடியற்காலையில் சொர்க்கவாசல் பார்த்துவிட்டு நேராக வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். செருப்புகளைத் தாண்டி உள்ளே போவதே கடினமாக இருந்தது. தொட்டிக்குத் துளசிமாலை போட்டிருந்தார்கள். அதன் நுனி தண்ணீரில் தொங்கியது. எடுத்து வெளியே விட்டேன்.

களவா மூலையில், தண்ணீர் இறைக்கும் மோட்டார்மேல் சாய்ந்து கிடந்தது. தலைக்குப் பின்னால் முதுகு கத்திமுனைபோல ஒடுங்கிவிட்டது. வயிறு உள்ளே போய்விட்டது. வெள்ளை எல்லாம் சாம்பல் நிறம். நான் கண்ணாடியில் விரல் வைத்தேன். அது திரும்பவில்லை. செவுள் மட்டும் அசைந்தது. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். இன்னும் நாலைந்து நாள், அதுகூட இருக்காது.

“தவத்துல எப்படி மெலிஞ்சுபோயிருக்கு பாருங்கோ” என்றாள் ஓர் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இந்தத் தண்ணியக் கொஞ்சம் தீர்த்தமாத் தருவேளா?”

“உப்புத் தண்ணி, கரிக்கும்” என்றார் சார். “தலையில தெளிச்சுக்கோங்கோ.”

மாமி ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து எல்லோர் தலையிலும் தெளித்தார். என் தலையிலும் ஒரு சொட்டு விழுந்தது.

உள்ளூர் யூடியூப் சேனலிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். சட்டைப் பையில் குத்தும் சிறிய மைக்கைச் சாருக்கு மாட்டிவிட்டார். சார் பேசினார். மத்ஸ்யாவதாரம், பிரளயம், வேதம் மீண்டது எல்லாம். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு சயன்ஸ் படிச்சவ. அதுவும் வேற மதம். அவளே சொல்லட்டும். அம்மோனியா எவ்வளவும்மா?”

“பூஜ்யம் சார்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சிலர் கைகூப்பினார்கள்.

“சாப்பிடலன்னா கழிவு இருக்காது சார்,” என்றேன். “அதனாலதான் பூஜ்யம்.”

“அதைத்தானேம்மா நானும் சொல்றேன்!” என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். என்னையும் சேர்த்துக்கொள்கிற சிரிப்பு.

“அது விரதம் இல்ல சார். பட்டினி.”

“உபவாசம்னாலும் பட்டினிதானே? அது சமஸ்கிருதம், இது தமிழ்.”

மறுபடியும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் அவர் வாங்கித் தன் பேச்சோடு சேர்த்துக்கொண்டார். களவா துப்பத் தெரிந்த மீன். இவர் துப்பத் தெரியாதவர், எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவார். சோதனைக் குழாயைக் கீழே வைத்தேன்.

சார் தன் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி என் துப்பட்டாவில் தானே குத்தினார். மகளுக்குச் செய்வதுபோல அன்பாகத்தான் செய்தார்.

“வெக்கப்படாதே. ஒண்ணே ஒண்ணு சொல்லு போறும். ரெண்டு வருஷத்துக்கு மேல நீதான் கூட இருந்து பாத்துண்டே. இந்த ஜீவன் எங்காத்துல ஒரு நாளாவது மாமிசத்தைத் தொட்டிருக்கோ? ஒரே ஒரு நாள்? நீ சொன்னாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். சொல்லும்மா.”

இளைஞர் கேமராவை என் பக்கம் திருப்பினார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமி என்னைப் பார்த்து, சொல்லு என்று தலையாட்டினார். ஆமிர் அண்ணன் கடையின் கண்ணாடிக் கதவு ஒரு நொடி கண்ணில் வந்தது. செம்பருத்தியில் தொங்கும் என் பையும் வந்தது. தொட்டியில் களவா மோட்டாரிலிருந்து நழுவி, பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடியும் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. மூன்று புள்ளி ஒட்டிய கண் மேலே பார்த்தபடி இருந்தது.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. சத்தமாக இருந்தது.

“அது வைட்டமின் இல்ல சார். சாளை மீனு. தலையும் முள்ளும் எடுத்து, முருங்கைக்கீரையோட அரைச்சு, கடல்பாசியில கட்டி, ரெண்டு வருஷம் நாலு மாசமா உங்க ஃபிரிஜ்லதான் வச்சிருந்தேன்.”